எம்.எஸ்சி. பயோடெக்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

மதுரையில் எம்.எஸ்சி. பயோடெக் படித்துவிட்டு, பெங்களூரில் ஒரு மருந்து கம்பெனியின் உற்பத்திப் பிரிவில் பல வருடமாக இருக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அக்கா, நான் பி.எஸ்சி. கடைசி வருடம். எந்த நுழைவுத்தேர்வு எழுதலாம்?

ஜாம், ஜி.ஏ.டி-பி என்ற இரண்டு தேர்வையும் எழுது தம்பி. ஐ.ஐ.டி.களுக்கு ஜாம். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை உதவித்தொகை தரும் படிப்புகளுக்கு ஜி.ஏ.டி-பி. பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு: ஜி.ஏ.டி-பி மதிப்பெண் வந்தால் மட்டும் சீட் வந்துவிடாது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ரேங்க் கையில் இருந்தும் தேதியைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

மகளைச் சேர்க்கப் போன கல்லூரியில், பல கம்பெனிகளோடு ஒப்பந்தம் இருக்கிறது என்கிறார்கள். நம்பலாமா?

சார், ஒப்பந்தம் என்பது கையெழுத்துப் போட்ட காகிதம். போன வருட மாணவர்கள் கடைசி செமஸ்டர் புராஜெக்டை எங்கே செய்தார்கள் என்று பெயர் பெயராகக் கேளுங்கள். "பெரும்பாலும் இங்கேயே" என்று இழுத்தால் புரிந்துகொள்ளலாம். அப்புறம் லேபைச் சுற்றிப் பாருங்கள். ஒரு கல்லூரியில் ஃபெர்மென்டருக்கு (நுண்ணுயிர்களை வளர்க்கும் கலன்) மேல் கம்பெனி போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறையே இன்னும் கிழியாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். முடிந்தால் இரண்டாம் வருடப் பிள்ளைகளிடம் கேன்டீனில் பேசுங்கள். துறைத்தலைவர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

கடைசி செமஸ்டர் புராஜெக்ட்: ஆராய்ச்சிக் கூடமா, கம்பெனியா?

அதிகம் பேர் கேட்டது இதுதான். ஆராய்ச்சிக் கூடத்தில் பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பல மடங்காக்கும் சோதனை) வரவில்லை என்றால் பிரைமரை (அதைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) மாற்று, வெப்பநிலையை மாற்று, நாளைக்குத் திரும்பப் போடு. ஏன் வரவில்லை என்று யோசிப்பதுதான் அங்கே படிப்பே. கம்பெனியில் இதைச் செய்தால் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போவார்கள். எஸ்.ஓ.பி. என்ற செய்முறை ஆவணத்தில் எழுதியிருப்பதை எழுதியபடி செய்ய வேண்டும், செய்ததை அந்த நிமிடமே பேட்ச் ரெக்கார்டில் (அந்தத் தயாரிப்புக்கான பதிவேடு) எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மருந்துப் புரதம் தயாரிக்கும் சி.எச்.ஓ. செல்களை (வெள்ளெலி வகை ஒன்றின் செல்கள்) ரியாக்டர் என்ற பெரிய கலனில் இரண்டு வாரம்போல வளர்த்து, நடுவில் பாக்டீரியா புகுந்தால் மொத்தத்தையும் கொன்று வடிகாலில் ஊற்ற வேண்டியதுதான். அந்தப் பயம்தான் ஜி.எம்.பி. (நல்ல உற்பத்தி நடைமுறை) ஒழுக்கத்தைக் கற்றுக்கொடுக்கும்.

பிஎச்.டி. எண்ணம் இருந்தால் ஆராய்ச்சிக் கூடம். வேலைக்குப் போவது என்று முடிவு செய்துவிட்டால் கம்பெனி. ஆனால் கம்பெனி புராஜெக்டில் ஒரு தலைவலி உண்டு. தரவு ரகசியம் என்று பாதியை ஆய்வேட்டில் போட விடமாட்டார்கள், வைவாவில் (வாய்மொழித் தேர்வு) திணற வேண்டியிருக்கும். எதை எழுதலாம் என்று முதல் வாரமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, முதல் வருட லீவை வீணாக்காதீர்கள். இந்திய அறிவியல் அகாடமிகளின் கோடைகால ஆராய்ச்சி ஃபெலோஷிப்பில் இரண்டு மாதம் நல்ல லேப் ஒன்றைப் பார்த்துவிடலாம்.

பிஎச்.டி. போனால் வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியுமா?

ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் ஓரளவு முடியும். 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. வீட்டு வாடகைப்படி தனி. பணம் சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாகும், அதற்கும் தயாராக இருங்கள்.

படித்து முடித்துவிட்டேன். எங்கே போனாலும் அனுபவம் கேட்கிறார்கள்.

மத்திய அரசின் பயோடெக் தொழிற்பயிற்சித் திட்டத்தைப் பாருங்கள். ஆறு மாதம், கம்பெனிக்குள்ளேயே, உதவித்தொகையோடு. க்யூ.சி. என்ற தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இடம் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். எச்.பி.எல்.சி. (கலவையில் எது எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் கருவி) கை வந்தவர்களைத் தேடுகிற கம்பெனிகள் அதிகம். நானும் க்யூ.சி.யில்தான் தொடங்கினேன்.