காபி நாறுகிறது, முடி கொட்டுகிறது: வைரஸ் இன்னும் உள்ளே இருக்கிறதா?

கேள்வி: எனக்கு வயது 44. இரண்டரை மாதத்துக்கு முன் கோவிட் வந்தது. இருமல் பெரிதாக இல்லை. மூன்று நாள் நல்ல காய்ச்சல், வயிற்றுப்போக்கு, அப்புறம் வாசனை அடியோடு போனது. இப்போது வாசனை திரும்பிவிட்டது. ஆனால் காபியும் வதக்கிய வெங்காயமும் அழுகல் நாற்றம் அடிக்கின்றன. தலை வாரினால் முடி கொத்தாக வருகிறது. நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. வைரஸ் உடம்பில் தங்கிவிட்டதா? 'கோவிட்டுக்குப் பிந்தைய முழு உடல் பரிசோதனை' பேக்கேஜ் எடுக்கச் சொல்லி ஒரு லேபிலிருந்து விடாமல் போன் வருகிறது. எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். காரணத்துக்கு வருகிறேன், முதலில் உங்கள் பயத்தைப் பார்ப்போம்.

நீங்கள் சொல்லும் எதுவும் வைரஸ் இன்னும் உள்ளே பெருகிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம் இல்லை. கோவிட் வைரஸ் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் ஏற்பி நுரையீரலில் மட்டும் இருப்பதல்ல. குடலின் உட்சுவரில் ஏராளமாக இருக்கிறது. வயிற்றுப்போக்கு அதனால்தான் வந்தது, போயும்விட்டது.

மூக்கில் வைரஸ் பெரும்பாலும் தாக்குவது வாசனை நரம்பை அல்ல, அதைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களை. அவை சிதைந்தால் நரம்பு முனைகளும் படுத்துவிடும். பிறகு புதிதாக முளைக்கும்போது சில முனைகள் இடம் மாறிச் சேர்ந்துகொள்வதால், காபி என்று போக வேண்டிய செய்தி சாக்கடை என்று மூளைக்குப் போகிறது. பலருக்கு இது குணமாகும் வழியில் வரும் ஒரு கட்டம்தான். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கு வாசனைகளையும் காலையிலும் இரவிலும், ஒவ்வொன்றும் சுமார் 20 விநாடி, கவனமாக முகர்ந்து பழகுங்கள். குறைந்தது 3 மாதம் விடக்கூடாது. உணவை ஆறவைத்துச் சாப்பிட்டால் நாற்றம் குறையும். கேஸ் கசிந்தால் உங்களுக்குத் தெரியாமல் போகலாம் என்பதை வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லி வையுங்கள்.

முடி விஷயம் இன்னும் எளிது. கடும் காய்ச்சல் வந்தால் நிறைய முடிகள் ஒரே சமயத்தில் வளர்ச்சியை நிறுத்தி ஓய்வுக்குப் போய்விடும். அவை உதிர்வது இரண்டு, மூன்று மாதம் கழித்து. அதாவது இது பழைய காய்ச்சலின் பாக்கி. வேர் சாகவில்லை; சில மாதங்களில் உதிர்வது நிற்கும், முடி திரும்ப வளரும்.

இதைச் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் மூக்குக்கு ஒரு டாக்டர், தோலுக்கு ஒருவர், வயிற்றுக்கு ஒருவர் என்று பிரித்து வைத்திருக்கிறோம். மூன்றையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அந்த இடைவெளியில்தான் பேக்கேஜ்காரர்கள் கடை விரிக்கிறார்கள்.

அந்தப் பட்டியலில் என்ன இருக்கும்? ஆன்டிபாடி பரிசோதனை: உடம்பு வைரஸைச் சந்தித்ததா என்று சொல்லும், இப்போது இருக்கிறதா என்று சொல்லாது. டி-டைமர்: ரத்தம் எங்காவது உறைந்திருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை; ஆனால் தொற்று, வயது, கர்ப்பம் என்று எதற்கும் ஏறும். தொல்லை எதுவும் இல்லாதவருக்கு எடுத்தால், ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் ஓர் எண் வரும்; அடுத்து ஸ்கேன், அதற்கடுத்து இன்னொரு ஸ்கேன். முடி உதிர்வது ஆறு மாதத்தைத் தாண்டினால் ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, தைராய்டு பார்க்கலாம். அதோடு சரி.

தைராய்டு பார்ப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. முடிக்கென்று விற்கும் பயோட்டின் மாத்திரையில் அளவு அதிகமாக இருந்தால் ரத்தப் பரிசோதனை முடிவையே மாற்றிக் காட்டும். இல்லாத தைராய்டு நோய் இருப்பதுபோல வரும். மாரடைப்பைக் கண்டுபிடிக்க ரத்தத்தில் பார்க்கும் ட்ரோபோனின் அளவும் குறைத்துக் காட்டப்படலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-லேயே இதை எச்சரித்துவிட்டது. மாத்திரையை விற்பவர் சொல்வாரா? ரத்தம் எடுக்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை போடுவதும் கூடாது. 2020-ல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வில், டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளிகளுக்கே பலன் தந்தது. தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் 'பொறுத்துப் பார்ப்போம்' என்று இருக்கக்கூடாது. கோவிட்டுக்குப் பிறகு சில மாதங்களுக்குக் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுதலாக இருக்கும். இரண்டு காலும் சாயங்காலம் கொஞ்சம் வீங்குவதை நான் சொல்லவில்லை. ஒரு கால் மட்டும், அதுவும் கெண்டைச்சதை வீங்கி, அழுத்தினால் வலித்து, மற்றதைவிடச் சூடாக இருந்தால் கவனியுங்கள். அளவுநாடாவால் இரண்டு கெண்டைச்சதையையும் ஒரே உயரத்தில் சுற்றிப் பாருங்கள், 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். அளவு சரியாக இருந்து வலி மட்டும் இருந்தாலும் போய்க் காட்டுங்கள். தசைப்பிடிப்பு என்று தைலம் போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள். காலுக்கு ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். பேக்கேஜில் வீணான அதே டி-டைமர் இங்கே உண்மையிலேயே உதவும். கூடவே மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினாலோ ஸ்கேன் மையத்துக்குப் போக வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.