எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் கேள்வி-பதில்: கார்டு வேற, வேலை வேற

கேள்வி: எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்ச் எதுக்காக ஆரம்பிச்சாங்க?

1945ல, ரெண்டாம் உலகப் போர் முடியுற நேரத்துல, பட்டாளத்துல இருந்து திரும்புறவங்களுக்கு வேலை தேடிக் குடுக்க ஆரம்பிச்சது. 47ல பிரிவினையில வந்த அகதிங்களையும் சேத்தாங்க, 48லதான் எல்லாரும் பதியலாம்னு ஆச்சு. நிர்வாகம் மாநிலங்க கைக்கு வந்தது 1956 நவம்பர்ல.

கேள்வி: உலகத்துலயே நம்மதான் முதலா?

இல்லங்க. பிரிட்டன்ல 1910லயே சர்ச்சில் மந்திரியா இருந்தப்ப லேபர் எக்ஸ்சேஞ்ச் தெறந்துட்டாங்க.

கேள்வி: பதிஞ்சு ரொம்ப வருஷமாச்சு, எப்ப இன்டர்வியூ கார்டு வரும்?

என்ன படிச்சீங்க, எந்த வருஷம் பதிஞ்சீங்க, ரினீவல் பண்ணீங்களா, ஒண்ணுமே எழுதல. இதுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது? 3 வருஷத்துக்கு ஒருதடவை ரினீவல், அத விட்டா சீனியாரிட்டி, அதான் பதிவு தேதிப்படி இருக்குற வரிசை, போச்சு. எத்தன தடவ சொல்றது!

கேள்வி: 1959 சட்டப்படி பெரிய கம்பெனிங்க எக்ஸ்சேஞ்ச் மூலமாத்தான் ஆள் எடுக்கணுமாமே?

இந்த ஒரு தப்பான நம்பிக்கைதான் எனக்கு தாங்கவே முடியல. 2025 வரைக்கும் இருந்த அந்தச் சட்டத்தோட பேரே 'காலியிடங்களை கட்டாயமா அறிவிக்கணும்'ங்கறதுதான், 25 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற தனியார் கம்பெனி காலியிடம் இருக்குன்னு எக்ஸ்சேஞ்சுக்கு சொல்லணும், அவ்வளவுதான், அங்க பதிஞ்சவங்களத்தான் எடுக்கணும்னு எந்த கட்டாயமும் இல்லன்னு சட்டத்துலயே எழுதியிருந்துச்சு. சொல்லாம விட்டா முதல் தடவை அபராதம் அதிகபட்சம் 500 ரூபா, அடுத்தடுத்து 1000தான் இருந்துச்சு, இதுக்கு எந்த முதலாளி பயப்படுவான்? அரசு வேலைக்கும் எக்ஸ்சேஞ்ச் லிஸ்ட் மட்டும் போதாது, பேப்பர்லயும் விளம்பரம் குடுத்து மத்தவங்களையும் பரிசீலிக்கணும்னு 1996ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. இத யாரும் பிள்ளைங்களுக்கு எடுத்துச் சொல்லல, கார்டு வரும் கார்டு வரும்னு பரீட்சை எதுவும் எழுதாம நல்ல வயச எல்லாம் வீட்லயே கழிச்ச எத்தனையோ பேர் எனக்கு எழுதறாங்க, படிக்கவே மனசு வலிக்குது. பதியுங்க, வேணாம்னு சொல்லல, ஆனா கூடவே டிஎன்பிஎஸ்சியும் எழுதுங்க.

கேள்வி: வேலை இல்லாதவங்களுக்கு அரசு குடுக்குற உதவித்தொகை வாங்குனா பதிவு கேன்சல் ஆயிடுமா?

ஆகாது. உதவித்தொகை வாங்க, பதிஞ்சு 5 வருஷம் ஆகியிருக்கணும், ரினீவல் விட்டிருக்கக்கூடாது. டிகிரிக்கு மாசம் 600, அதுவும் 3 வருஷம்தான்.

கேள்வி: சீனியாரிட்டிய முன்னாடி தள்ளித் தரேன்னு ஒருத்தர் 20 ஆயிரம் கேக்குறார், குடுக்கலாமா?

குடுக்காதீங்க! பதிவு தேதிய யாராலயும் முன்னாடி தள்ள முடியாது. பதிவும் இலவசம், ரினீவலும் இலவசம், ரெண்டையும் துறை வெப்சைட்ல நீங்களே பண்ணிக்கலாம். அந்த ஆள் மேல போலீஸ்ல கம்ப்ளெயிண்ட் குடுங்க.