தொட்டிக்கடியில் கிடந்தது ஆப்பிரிக்கப் பாம்பா?

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டு வளவில் செடித்தொட்டியை நகர்த்தியபோது, அரைச்சாண் நீளத்தில் கறுத்து மினுமினுக்கும் பாம்பு ஒன்று நெளிந்தது. கைப்பேசிச் செயலி அதை ஊதாப் பளபளப்புள்ள ஆப்பிரிக்க விஷப்பாம்பு என்கிறது. அப்பத்தாவோ புழுப்பாம்பு என்கிறார். எது சரி?

பதில்: அப்பத்தா சொல்வதே சரி. நீங்கள் அனுப்பிய படத்தில் வாலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மொண்ணை நுனியில் கடுகளவுகூட இல்லாத ஒரு முள். கண் இருக்கவேண்டிய இடத்தில், செதிலுக்கு அடியில் ஒரு மைப்புள்ளி. உடம்பு தேன்குழல் இழைப் பருமன்தான். எறும்பு, கறையான் முட்டைகளைத் தின்று வாழும் பிராணி. விஷம் கிடையாது, அந்த முள்ளும் கொட்டாது. இந்த இனத்தில் எல்லாமே பெண். துணையில்லாமலே முட்டையிட்டுப் பெருகும் என்பதால், செடித்தொட்டி மண்ணோடு கப்பலேறி உலகெங்கும் குடியேறிவிட்டது. பர்மாவுக்குக் கப்பலேறியவர்களின் ஊரில் இது வியப்பில்லைதான்.

செயலி தடுமாறியதற்கும் காரணம் உண்டு. அது சொன்ன பாம்பும் மண்ணுக்குள் வாழ்வது. கருமேனி, சின்னஞ்சிறு கண், குட்டை வால். போர்த்துகீசிய விலங்கியலாளர் பொகாஜ் 1873இல் விவரித்த இனம் அது. ஆனால் வளர்ந்த பெண் ஒரு மீட்டரைத் தொட்டுவிடும். மொசாம்பிக், ஜிம்பாப்வே பக்கத்துப் பாம்பு, இந்தியாவில் கிடையாது. புழுப்பாம்புகளே அதற்கு இரை என்பதுதான் வேடிக்கை.

அதன் நச்சுப்பல் மேல்தாடையின் பின்பகுதியில் இருக்கிறது. நாகத்தின் பல் ஊசிபோல உள்ளே துளையுள்ளது. இதற்கோ பல்லின் மேல் ஒரு பள்ளம் மட்டும். உங்கள் வீட்டு ஓட்டுச் சரிவின் தகரத் தூம்பில் மழைநீர் ஓடுவதுபோல அதன்வழியே விஷம் வழியும். அதனால் கவ்விப்பிடித்து மென்றால்தான் விஷம் சரியாக இறங்கும்.

புழுப்பாம்பை முறத்தில் தள்ளித் தோட்டத்து ஈரமண்ணில் விட்டுவிடுங்கள். ஆனால் மெல்லிய பாம்பெல்லாம் புழுப்பாம்பு என்று கையில் எடுக்காதீர்கள். நம் பக்கத்துப் பவளப்பாம்பும் பென்சிலைவிட ஒல்லிதான், விஷமுள்ளது. பழுப்பு உடல், கறுத்த தலை, வாலில் இரண்டு கறுப்பு வளையங்கள். சீண்டினால் வாலைச் சுருட்டித் தூக்கி நீல அடிப்புறத்தைக் காட்டும். அதைக் கண்டால் அப்பத்தாவையும் கிட்டே விடாமல், தீயணைப்பு நிலையத்துக்கு 101இல் சொல்லிவிடுங்கள்.