உங்கள் ரிப்போர்ட்டை யார் யார் பார்க்கலாம்? கேள்வி பதில்

கேள்வி: ஓ.பி. சீட்டு போடும்போது ஆதார் கேட்டார்கள், ஓ.டி.பி. சொன்னேன். ஆபா (மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு) எண் வந்துவிட்டது. இனி என் ரிப்போர்ட்டை எல்லா மருத்துவமனையும் பார்க்குமா?

பதில்: பார்க்க முடியாது. அந்த 14 இலக்க எண் வெறும் இணைப்புதான். ரிப்போர்ட் அதை எடுத்த இடத்திலேயே இருக்கும். வேறு மருத்துவமனைக்கு அது வேண்டுமானால் உங்கள் ஆபா செயலிக்கு அனுமதி கேட்டு வரும். பலரும் கோட்டை விடுவது அங்கேதான்: படிக்காமல் ஒப்புதல் தட்டிவிடுகிறார்கள். எந்த வகை ஆவணம், எந்தத் தேதி முதல் எதுவரை, அனுமதி எப்போது முடிகிறது, இந்த மூன்றையும் பார்த்துக் குறைக்கலாம். பல்வலிக்குப் போன இடத்தில் மனநல மருந்துச் சீட்டு எதற்கு? கொடுத்த அனுமதியை ரத்து செய்யலாம். ஆபா கட்டாயமும் இல்லை. வேண்டாமென்றால் எண்ணையே நீக்கிவிடலாம்.

கேள்வி: என் ரத்தப் பரிசோதனை முடிவு அண்ணன் வாட்ஸ்அப்புக்குப் போகிறது.

பதில்: முதன்முதலில் பதிவு செய்தபோது அவர் எண்ணைக் கொடுத்திருப்பீர்கள். ரிசப்ஷனில் மாற்றச் சொல்லுங்கள். லேப், மருந்துக்கடை இரண்டும் தனிப்பதிவு வைத்திருந்தால் அங்கேயும் மாற்ற வேண்டும்.

கேள்வி: எனக்கு எச்.ஐ.வி. இருப்பதை டாக்டர் என் கணவரிடம் சொல்லிவிடுவாரா?

பதில்: 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி பொதுவாக உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் சொல்லக்கூடாது. துணைக்குத் தொற்றும் ஆபத்து கணிசமாக இருந்து, ஆலோசனைக்குப் பிறகும் நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்று தெரிந்தால் மட்டும் அவர் சொல்லலாம். அப்போதும் சொல்லப்போவதை உங்களிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அடி உதைக்கோ, வீட்டை விட்டுத் துரத்துவார்கள் என்றோ பயம் இருந்தால் ஆலோசகரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நியாயமான அச்சம் இருக்கும்போது, குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில், துணையிடம் சொல்லக்கூடாது என்று அதே சட்டம் தடுக்கிறது. பலருக்குத் தெரியாத பகுதி இது. மாமியாருக்கும் முதலாளிக்கும் இந்த விதிவிலக்கில் இடமே இல்லை.

கேள்வி: உள்நோயாளியாக இருந்த ஃபைலின் நகல் கேட்டால் அலைக்கழிக்கிறார்கள்.

பதில்: வாயால் கேட்டால் அப்படித்தான். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஐ.பி. (உள்நோயாளி) எண், சேர்ந்த தேதி, வீடு திரும்பிய தேதி போட்டு மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் கடிதம் கொடுங்கள். அந்தக் கடிதத்தின் நகலில் முத்திரையும் நேரமும் வாங்குங்கள். சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டுகள்தான் வைத்திருக்கக் கடமை, தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி: இன்சூரன்ஸுக்கு சர்க்கரை நோயை மறைக்கலாமா?

பதில்: கூடாது. அந்தரங்கம் வேறு, விண்ணப்பத்தில் பொய் வேறு. க்ளெய்ம் படிவத்தில் போடும் கையெழுத்திலேயே பழைய ஃபைலைக் கேட்டு வாங்கும் அனுமதியும் பெரும்பாலும் அடங்கியிருக்கும்.