எந்த வீல் எடுப்பது? அட்வெஞ்சர் பைக் கேள்வி – பதில்

கேள்வி: விடுமுறை நாட்களில் கொல்லிமலை, ஜவ்வாது மலை என்று சுற்றுகிறேன். ஒரு முறையாவது லடாக் போக ஆசை. முன்வீல் 21 இன்ச் உள்ள வண்டி எடுப்பதா, 19 போதுமா? 21தான் அசல் அட்வெஞ்சர் என்கிறார்கள் நண்பர்கள்.
– வாசகர், நாமக்கல்

பதில்: 21, 19 என்பது ரிம்மின் அளவு, அதாவது டயர் உட்காரும் உலோக வளையத்தின் விட்டம். கல்லில் ஏறுவது ரிம் அல்ல, டயரோடு சேர்ந்த முழு வீல். 90/90-21 டயர் (அகலம் 90 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 90 சதவீதம், ரிம் 21 இன்ச்) போட்ட வீலின் மொத்த உயரம் சுமார் 69.5 செ.மீ. 100/90-19 டயர் போட்டால் சுமார் 66 செ.மீ. ஆக வித்தியாசம் மூன்று செ.மீ.யும் கொஞ்சமும்தான். 8 செ.மீ. உயரக் கல்லில் இந்த இரண்டும் மோதும் கோணத்தில் ஒரு டிகிரிதான் மாறும். 17 இன்ச் வீலில்தான் (110/70 டயரோடு சுமார் 58.5 செ.மீ.) மோதல் கையில் நன்றாகத் தெரியும்.

அப்படியானால் 21க்கு ஏன் இவ்வளவு மதிப்பு? முதல் காரணம் அகலம். 90 மி.மீ. டயர் மணலையும் சேற்றையும் அறுத்துக்கொண்டு அடியில் உள்ள கெட்டித் தரையைத் தேடும். இன்னொன்று, பெரிய வீல் சுழலும்போது நேர்க்கோட்டை அவ்வளவு லேசில் விடாது; உருட்டுக்கல் பாதையில் ஹேண்டில் குறைவாக ஆடும். அதே குணம்தான் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் எதிராக வேலை செய்கிறது. வண்டியைச் சாய்க்கக் கூடுதல் பலம் வேண்டும்; பிரேக் பிடிக்கும்போது தரையைத் தொடும் ரப்பரும் குறைவு.

மணாலி–லே நெடுஞ்சாலையில் இப்போது பெரும்பகுதி தார். இமாச்சலத்தின் ஸ்பிட்டி பக்கம் பாட்டால்–கிராம்ஃபூ போன்ற கல்லும் ஓடையுமான பாதைகளை மனதில் வைத்திருந்தால் 21 எடுங்கள். பத்தில் எட்டுப் பங்கு தார் என்றால் 19தான் சரி. எதை எடுத்தாலும் வீல் அளவைவிட சஸ்பென்ஷன் ஓடும் தூரத்தை (வீல் மேலும் கீழும் அசையும் அளவை) முதலில் கேளுங்கள். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200இல் முன்பக்கம் 190 மி.மீ., ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450இல் 200 மி.மீ. கல்லின் அடியை வாங்கிக்கொள்வது அதுதான்.

கேள்வி: என் வண்டியில் 19 இன்ச் அலாய் இருக்கிறது. வெளியே 21 இன்ச் ஸ்போக்ஸ் (கம்பி) வீல் செட் விற்கிறார்கள். மாட்டலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: வேண்டாம். முன்பக்கம் உயர்ந்தால் ஃபோர்க்கின் சாய்வு மாறி ஸ்டீயரிங் மந்தமாகும். சஸ்பென்ஷன் முழுதாக இறங்கும்போது டயர் மட்கார்டில் உரசும். எல்லாவற்றையும்விட முக்கியம், பிரேக் பிடிக்கும்போது வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ். அது முன்வீலும் பின்வீலும் சுற்றும் வேகத்தை ஒப்பிட்டு முடிவெடுக்கிறது. சென்சார் வளையம் சரியாகப் பொருந்தாவிட்டாலோ வீலின் சுற்றளவு மாறினாலோ அந்தக் கணக்கு தப்பும். உற்பத்தியாளரின் வடிவமைப்பை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவிலும், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸிலும் தகராறு வரலாம். உங்கள் மாடலுக்கென்று கம்பெனியே விற்கும் செட் என்றால் தாராளமாக மாட்டலாம்.

கேள்வி: ஒரே மாதத்தில் பின்டியூப் நான்கு முறை பஞ்சர். கடைக்காரர் டியூபையே மாற்றச் சொல்கிறார். டயர் புதிது. எங்கே தப்பு?
– வாசகர், விருதுநகர்

பதில்: டியூபைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஓட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். காரணம் அதிலேயே தெரியும்.

தரைப்பக்கம் ஒற்றை ஓட்டை என்றால் ஆணி அல்லது முள். உங்கள் ஊர்ப்பக்கம் சீமைக்கருவேல முள் டயருக்குள் ஒடிந்து நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. எத்தனை டியூப் போட்டாலும் அதே இடத்தில் குத்தும். டயரின் உட்புறம் முழுக்கப் பழைய காட்டன் துணியைச் சுற்றித் துடைத்துப் பாருங்கள். நூல் மாட்டும் இடத்தில் முள் இருக்கும். வெறும் விரலால் தடவ வேண்டாம், கிழித்துவிடும்.

அருகருகே இரண்டு நீள ஓட்டைகள் என்றால் காற்று குறைவு. கல்லிலோ குழியிலோ மோதியபோது டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவே நசுங்கியிருக்கிறது. பாம்புக்கடி என்பார்களே, அது இதுதான்.

ரிம் பக்கத்தில், அதாவது டியூபின் உள்வட்டத்தில் ஓட்டை என்றால் குற்றவாளி ஸ்போக்ஸ் முனை. யாரோ கோட்டம் எடுக்கிறேன் (வீலின் ஆட்டத்தைச் சரிசெய்கிறேன்) என்று, கம்பியை ரிம்மோடு இறுக்கும் நிப்பிளை அதிகம் முறுக்கியிருப்பார்கள். முனை நிப்பிளுக்கு மேலே நீட்டிக்கொண்டு, ரிம் டேப்பையும் தாண்டி டியூபைத் தேய்க்கும். நீட்டியதை அரத்தால் ராவி, புது ரிம் டேப் போட வேண்டும்.

வால்வின் அடியில் கிழிந்திருந்தால் டயர் ரிம்மின் மேல் நகர்ந்து வால்வை இழுத்திருக்கிறது. வால்வு நட்டை ரிம்மோடு இறுக்குவது பலருக்குப் பழக்கம். அந்த நட்டை மேலே ஏற்றி வால்வு மூடியோடு சேர்த்து வையுங்கள். டயர் நகர்ந்தால் வால்வு சாய்வது கண்ணுக்குத் தெரியும், கிழிவதற்குள் சரிசெய்துவிடலாம்.

மாட்டும்போதே டயரை நெம்பும் லீவர் கடித்து ஓட்டையாவதும் உண்டு. டியூபுக்கு வடிவம் வரும் அளவு கொஞ்சம் காற்று கொடுத்த பிறகே உள்ளே வையுங்கள். டயர் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, அங்கே டயர் ஓரத்தை முழங்காலால் அழுத்தி ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்கி வைத்துக்கொண்டு, லீவரை ஒவ்வொரு தடவையும் ஐந்தாறு செ.மீ. மட்டும் நகர்த்தி வால்வருகே வந்து முடியுங்கள். வால்வு இருக்கும் இடத்தில் டயர் ஓரம் பள்ளத்தில் இறங்காது, அதனால்தான் அதைக் கடைசியில் வைப்பது. லீவர் மிகவும் கஷ்டப்பட்டால் பலத்தைக் கூட்டாதீர்கள். எதிர்ப்பக்கம் பள்ளத்திலிருந்து மேலே ஏறியிருக்கும். காற்று அடித்த பிறகு, டயர் ஓரத்தில் உள்ள மெல்லிய கோடு ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: ஸ்போக்ஸ் ரிம்மை சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை), டேப் வைத்து டியூப்லெஸ் ஆக்கித் தருகிறார்கள். நம்பலாமா?
– வாசகி, கோவை

பதில்: ஆசை நியாயமானது. டியூப் பஞ்சரானால் ஸ்போக்ஸ் துளைகள் வழியாகக் காற்று சட்டென்று போய்விடும். டியூப்லெஸ்ஸில் ஆணி குத்தினாலும் மெல்லத்தான் இறங்கும்; வீலைக் கழற்றாமலே பிளக் போடலாம்.

ஆனால் காற்று கசியாமல் இருப்பது பாதி வேலைதான். டியூப்லெஸ்ஸுக்கென்று செய்த ரிம்மில், டயர் ஓரம் உட்காரும் இடத்துக்கு உள்பக்கமாக ஒரு சிறு மேடு சுற்றி ஓடும். காற்று குறைந்தாலும் டயர் ஓரம் நடுப்பள்ளத்தில் சரியாமல் தடுப்பது அந்த மேடு. டியூப் ரிம்கள் பலவற்றில், குறிப்பாக 21 இன்ச் முன் ரிம்களில், அது இருக்காது. வளைவில் முன்டயர் ரிம்மை விட்டு விலகினால் வண்டி கையில் நிற்காது. ஆகவே முன்வீலில் டியூபே இருக்கட்டும். பின் ரிம்மில் மேடு இருப்பதை டயரைக் கழற்றி நேரில் பார்த்த பிறகு மட்டும், பின்வீலை மாற்றலாம். மாற்றுவதற்கு முன்பே கோட்டம் எடுத்துவிடுங்கள். பிறகு நிப்பிளைத் திருப்பினால் சீலன்ட் விட்டுவிடும்.

செலவு செய்ய முடியுமானால், டியூப்லெஸ்ஸாகவே செய்த ஸ்போக்ஸ் வீல்தான் நல்ல வழி. பிஎம்டபிள்யூ 1987இல் ஆர் 100 ஜிஎஸ் வண்டியில் கம்பிகளை ரிம்மின் வெளி விளிம்பில் மாட்டியது. காற்று நிற்கும் அறையில் துளையே இல்லை. ஹிமாலயன் 450க்கும் இப்போது கம்பெனியின் டியூப்லெஸ் ஸ்போக்ஸ் வீல் கிடைக்கிறது.

கேள்வி: ஸ்போக்ஸ் லூஸாக இருப்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், திருச்சி

பதில்: முடியும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு அல்லது வண்டியைத் தாங்கி நிறுத்தி வீலைத் தூக்குங்கள். சிறு ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியின் நடுவிலும் லேசாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். இறுக்கமான கம்பி ‘டிங்’ என்று ஒலிக்கும், லூஸானது ‘டப்’ என்று செத்த சத்தம் கொடுக்கும். லூஸான நிப்பிளைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். டயர் பக்கமிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்று இறுக்கும். ஹப் (வீலின் நடுப்பகுதி) பக்கமிருந்து பார்க்கும்போது அது எதிர்ச்சுற்றாகத் தெரியும். பலர் தடுமாறுவது இங்கேதான்.

பிறகு பின்வீலைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில், முன்பக்கம் என்றால் ஃபோர்க்கில், ஒரு கேபிள் டையைக் கட்டி அதன் நுனியை ரிம்முக்கு அருகில் வைத்து வீலைச் சுற்றுங்கள். பக்கவாட்டிலோ மேல்கீழாகவோ 2 மி.மீ.க்கு மேல் ஆடினால் கோட்டம் எடுப்பவரிடம் கொடுப்பது நல்லது. அடுத்தடுத்து மூன்று கம்பி லூஸ் என்றாலும் அப்படியே. புதிதாகக் கம்பி கட்டிய வீலை முதல் 500 கி.மீ.யில் கட்டாயம் பாருங்கள், பிறகு ஒவ்வொரு சர்வீஸிலும். வழியில் கம்பி ஒடிந்தால் தொங்கவிட வேண்டாம். பக்கத்துக் கம்பியோடு கட்டிவிட்டு மெதுவாக ஓட்டுங்கள்.

கேள்வி: அலாய் வீல் குழியில் விழுந்து விளிம்பு நெளிந்துவிட்டது. சுத்தியலால் தட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்கிறார் மெக்கானிக்.
– வாசகர், தர்மபுரி

பதில்: தட்டவிடாதீர்கள். வார்ப்பு அலுமினியம் இரும்பைப் போல வளைந்து கொடுக்காது, விரிசல் விடும். கேஸ் வைத்துச் சூடாக்கினால் உலோகத்தின் உறுதியே போய்விடும். விளிம்பில் சின்ன நெளிவு மட்டும் என்றால் ஹைட்ராலிக் பிரஸ்ஸும் ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜும் வைத்து வேலை செய்யும் கடையில் எடுக்கலாம். விரிசல் கண்டால் வெல்டிங் வேண்டாம், வேறு வீல் வாங்குங்கள். பார்க்க வேண்டிய இடங்கள்: அலாய் வீலின் கைகள் (நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் தண்டுகள்) ரிம்மோடு சேரும் மூலைகள், டயரைக் கழற்றினால் தெரியும் உட்புறம்.

பயணத்தின் நடுவே நெளிவு வழியாகக் காற்று கசிந்தால், டியூப்லெஸ் வால்வைக் கழற்றிவிட்டு உள்ளே ஒரு டியூப் போட்டு மிதமான வேகத்தில் ஊர் வந்து சேரலாம். அலாய் வண்டிக்காரர்களும் நீண்ட பயணத்தில் டியூப் எடுத்துப் போக வேண்டும் என்பது இதற்காகத்தான்.

கேள்வி: மண் பாதையில் காற்றை எவ்வளவு குறைக்கலாம்?
– வாசகர், தேனி

பதில்: வண்டியில் ஒட்டியிருக்கும் அளவிலிருந்து தொடங்குங்கள். முன் 25, பின் 32 பி.எஸ்.ஐ. என்று இருந்தால், கல் இல்லாத மண்ணிலும் மணலிலும் நான்கைந்து குறைக்கலாம். டியூப் டயரில் கல் பாதை என்றால் குறைக்கவே வேண்டாம். மூட்டை முடிச்சோ பின்னால் ஆளோ இருந்தாலும் குறைக்கக் கூடாது. டயர் சூடேறும் முன், காலையில் அளந்து பாருங்கள். தார் ரோட்டுக்குத் திரும்பிய இடத்திலேயே காற்று அடித்துக்கொள்ள, ஒரு கைப்பம்பு சீட்டுக்கு அடியில் இருக்கட்டும்.