அகல இலையும் வெள்ளை ஓரமும்: நிழல் தோட்டக் கேள்விகள்

மாமரத்தடியில் நல்ல நிழல் இருக்கிறது. மஞ்சள் ஓரம் போட்ட அகல இலைச் செடியான பெரிய ஹோஸ்டா வைக்கலாமா? (பெரம்பூர்)

வேண்டாம். ‘பிரான்சஸ் வில்லியம்ஸ்’ போன்ற ரகம் நாலடி அகலத்துக்குப் பரந்து நிற்பதைப் படத்தில் பார்த்தால் எனக்கும் ஆசை வரும். ஆனால் அதற்கு நிழல் மட்டும் போதாது. ஜப்பான், கொரியா, சீனா பக்கத்துச் செடி அது. குளிர்காலத்தில் இலையெல்லாம் மடிந்து, 5 டிகிரிக்கும் கீழான குளிரில் சில வாரங்கள் தூங்கி எழுந்தால்தான் அடுத்த வருடம் செழிப்பாகத் துளிர்க்கும். சென்னையில் நமக்கோ மார்கழி இரவிலேயே 20 டிகிரி. முதல் வருடம் இலை விட்டு நம்பிக்கை கொடுக்கும்; அப்புறம் வருடா வருடம் சிறுத்து, ஒருநாள் இல்லாமலே போய்விடும்.

அந்த இடத்தில், பச்சையும் வெள்ளையும் கலந்த அகல இலைச் செடியான டிஃபன்பேக்கியாவை வையுங்கள். தாய்ச்செடியைச் சுற்றி மூன்று நான்கு கன்றுகளைச் சேர்த்து நட்டால் அதே அடர்த்தி கிடைக்கும். இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் வீங்கிவிடும், குழந்தைகள் இருந்தால் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

ஹோஸ்டா விதை விற்கிறார்களே, அதையாவது போடலாமா? (கொளத்தூர்)

பணம் வீண். ஓரம் போட்ட ரகங்களைப் பக்கக்கன்று பிரித்துத்தான் பெருக்குவார்கள். விதையில் பெரும்பாலும் வெறும் பச்சைதான் வரும்.

டிஃபன்பேக்கியா இலை ஓரம் பழுப்பாகக் கருகுகிறது. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். (திருவொற்றியூர்)

தொட்டி மண்ணின் மேல் வெள்ளையாகப் பொரிந்திருக்கிறதா? விரலால் சுரண்டிப் பாருங்கள், மாவு போல உதிர்ந்தால் உப்பு. கடலோரப் போர் தண்ணீரில் இது சகஜம். அந்த மேல்மண்ணை ஒரு அங்குலம் வழித்துப் போட்டுவிட்டு, நல்ல தண்ணீரை அடித்துளையில் வழிகிற வரைக்கும் இரண்டு மூன்று முறை ஊற்றுங்கள். ஐப்பசி மழையில் தொட்டியை வெளியே வைத்தால் இன்னும் நல்லது. கருகிய ஓரம் பச்சையாகாது. புது இலை சுத்தமாக வருகிறதா என்று பாருங்கள்.

வண்ண இலைக் கிழங்குச் செடியான கலேடியம் டிசம்பரில் செத்துவிட்டது. தொட்டியைக் காலி செய்யலாமா? (ராயபுரம்)

தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள்! கிழங்கை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் அது தூங்குகிறது. தண்ணீரை நிறுத்தி, மழை படாத மூலையில் வையுங்கள். வெயில் ஏறும் மாசி, பங்குனியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் காட்டினால் சுருட்டிய முளை மேலே வரும்.