தாவாரத்து மண்கூடுகளைத் தட்டாதீர்கள், தங்கச்சி

தங்கச்சி, நீங்கள் எழுதியிருந்தது இது: போன ஆவணியில் ஜேர்மனியில் சோஸ்ற் நகரத்துப் பக்கத்துக் கிராமமொன்றில் மேல்மாடி வீடு வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள். தாவாரத்தின் கீழ் தகைவிலான் குருவியின் ஐந்து மண்கூடுகள். படுக்கையறை யன்னல் எல்லாம் எச்சம். கைக்குழந்தை இருக்கிறதே, கூடுகளைத் தட்டிவிடுங்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்டால் அவர் மாட்டேன் என்கிறார். அது போதாதென்று, சித்திரைக்கு முன் இன்னும் இரண்டு கூட்டுப்பெட்டி பூட்டப்போகிறாராம். "இது எங்களை வீட்டைவிட்டு எழுப்புகிற வேலையா அக்கா?" என்று கேட்கிறீர்கள்.

இல்லை, தங்கச்சி. அந்த மனிசனுக்கு உங்களில் ஒரு கோபமும் இருக்காது. அவர் தட்டச் சம்மதித்திருந்தால்தான் உங்கள் இரண்டு பேருக்கும் கரைச்சல். ஜேர்மனியின் இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தின் 44ஆம் பிரிவு அந்தக் கூடுகளைக் காக்கிறது. குஞ்சு இருக்கிற காலத்தில் மட்டுமில்லை, மாரியில் வெறுங்கூடாக இருக்கும்போதும்தான். அடுத்த வருடம் அதே கூட்டுக்குத் திரும்பி வருகிற குருவி என்பதால் அப்படி. மீறினால் சட்டத்தில் உள்ள உச்சத் தண்டம் 50,000 யூரோ. சுவர் பூச வேண்டும், கூரை மாற்ற வேண்டும் என்றாலும் முன்கூட்டியே இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும்.

ஆனால் சட்டத்துக்குப் பயந்து நான் இதை எழுதவில்லை. 1996இல் எங்களுடைய முதல் வாடகை வீட்டில், சமையலறை யன்னலுக்கு மேலே ஈரச்சேறு அரைவட்டமாக ஒட்டியிருப்பதைக் கண்டு, தோட்டக் குழாயைப் பிடித்து நானே கழுவிவிட்டேன். பின்னேரம் பக்கத்து வீட்டுக் கிழவி வந்து மணியடித்தா. எனக்கு அப்போது ஜேர்மன் சரியாக விளங்காது. அவ ஏசவில்லை. என்னைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்த் தன்னுடைய தாவாரத்தைக் காட்டினா. பிறகு உள்ளே போய் ஒரு கோதுமைமாப் பக்கற்றை எடுத்து வந்து, அதில் எழுதியிருந்த "மேல்" (ஜேர்மனில் மா) என்ற சொல்லில் விரலை வைத்தா. கூட்டு வாசலில் தொங்கிக்கொண்டிருந்த குருவியின் வயிற்றைக் காட்டினா. மேல்ஷ்வால்ப. மா மாதிரி வெள்ளை வயிறு உள்ள தகைவிலான். இந்த நாட்டில் நான் புத்தகமில்லாமல் படித்த முதல் சொற்களில் அது ஒன்று.

அடுத்த நாள் காலமை அவவோடு சேர்ந்து ரோட்டோரக் குட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குருவி தண்ணீர்க்கரையில் இறங்கி, இறகு நனையாமல் செட்டையைத் தூக்கிப் பிடித்தபடி, ஒரு வாய் சேறு அள்ளும். காலில் வெள்ளைக் காலுறை போட்டதுபோல விரல்வரை மென்சிறகு. அள்ளிக்கொண்டு போய்ச் சுவரில் அப்பிவிட்டு, உடனே திரும்பி வரும். ஒரு கூட்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் வாய் சேறு வேண்டும். நல்ல காலநிலை என்றால் பத்துப் பதினைந்து நாள் வேலை. நான் கழுவிவிட்டது அதில் நாலு நாள் வேலையாவது இருக்கும். அந்தக் கணக்கு இன்றைக்கும் எனக்கு மனதில் கிடக்கிறது.

நீங்கள் ஊரில் இந்தச் சாதியைக் கண்டிருப்பீர்கள். மாரி தொடங்கும்போது யாழ்ப்பாணத்தில் லைற் கம்பியில் வரிசையாக வந்து குந்தியிருக்குமே, நீள வால் தகைவிலான், அதன் ஒன்றுவிட்ட உறவுதான் இது. அது வடக்கு ஆசியாவிலிருந்து எங்களிடம் வருகிறது. இங்கே உங்கள் தாவாரத்தில் இருப்பது புரட்டாசியில் புறப்பட்டு, சகாராப் பாலைவனத்தைத் தாண்டி ஆபிரிக்காவுக்குப் போய், சித்திரை கடைசியில் திரும்பி வரும். இருபது கிராம்கூட இல்லாத உடம்பு.

சரி, ஏன் பெட்டி பூட்டுகிறார்கள் என்று சொல்கிறேன். இப்போது கிராமத்திலும் ரோடு, முற்றம் எல்லாம் தார், கல். சேறு அள்ள இடமில்லை. புதுச் சுவர்ப் பூச்சில் மண் ஒட்டாமல் குஞ்சோடு கூடு விழுந்துவிடுகிறது. பூச்சியும் குறைந்துபோயிற்று. அதனால் மரத்தூளும் சீமெந்தும் கலந்து வார்த்த அரைக்கோப்பை வடிவக் கூடுகளைத் தாவாரத்தின் கீழே பூட்டுகிறார்கள். இந்தக் குருவிக்குத் தனிக்குடித்தனம் பிடிக்காது, பக்கத்தில் ஆள் வேண்டும். அதுதான் இரட்டையாகப் பூட்டுவது. ஏற்கெனவே ஐந்து கூடு இருக்கிற சுவர் என்றால் உங்கள் வீட்டுக்காரர் கனகாலம் காத்திருக்கத் தேவையில்லை. எங்கள் வீட்டில் முதலில் பூட்டிய இரண்டு பெட்டிக்கும் மூன்று வருடம் ஒரு தகைவிலானும் வரவில்லை. பூட்டிய இடம் பிழை. முன்னால் ஒரு பேர்ச் மரம் நின்று பறந்து வருகிற வழியை மறைத்தது. அந்த இரண்டிலும் சிட்டுக்குருவி குடிவந்தது. அதையும் எழுப்பக்கூடாது, அதுவும் பாவம். நாலாம் வருடம் கிழக்குச் சுவரில், ஐந்து மீற்றர் உயரத்தில், எதிரே வெறும் ஆகாயமாகப் பார்த்து இன்னும் நாலு பூட்டினோம். வாசலுக்கு முன்னால் ஆறு சென்ரிமீற்றருக்கு ஒன்றாக முழ நீள நூலில் இரும்பு நட்டுகளைக் கட்டித் தொங்கவிட்டார் இவர். தகைவிலான் கீழேயிருந்து செங்குத்தாக ஏறி உள்ளே போய்விடும், சிட்டுக்குருவிக்கு அந்த வித்தை வராது. வைகாசி நடுவில் ஒரு சோடி வந்தது. ஆடியில் அந்த வட்ட வாசலில் மூன்று குஞ்சு முகங்கள் நெருக்கிக்கொண்டு நின்றதை என் மகள் யன்னலில் குந்தியிருந்து பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

எச்சத்துக்கு வழி இருக்கிறது. வீட்டுக்காரரிடம் "கோட்பிறெற்" என்று ஒரு சொல் சொல்லுங்கள், உடனே விளங்கும். கூட்டுக்குக் கீழே பூட்டுகிற பலகை. இருபத்தைந்து, முப்பது சென்ரிமீற்றர் அகலம் போதும். ஆனால் கூட்டிலிருந்து அரை மீற்றருக்கு மேல் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குருவி ஏறி வருகிற வழி அடைபடும், காகத்துக்கும் நின்று குஞ்சு பிடிக்கத் திண்ணை கிடைத்த மாதிரி. புதுப் பெட்டிகளை யன்னலுக்கும் வாசலுக்கும் மேலே வேண்டாம், பக்கச் சுவரில் பூட்டுங்கள் என்று கேட்பது உங்கள் நியாயம். கேளுங்கள். நல்லாகக் கேட்டால் மறுக்கமாட்டார்.

குழந்தையைப் பற்றிய பயத்தையும் விடுங்கள். கூட்டில் தெள்ளு இருக்கும், உண்மை. ஆனால் அது குருவியில் வாழ்கிற தெள்ளு, மனிசரில் தங்காது. பலகையை மாரியில் கழுவுங்கள். காய்ந்த எச்சத்தைக் கூட்டினால் தூசு கிளம்பும், நனைத்துவிட்டு, கையுறையும் முகக்கவசமும் போட்டு வழித்தெடுங்கள். குழந்தையை அந்தநேரம் உள்ளே வைத்திருங்கள். எங்கள் வீட்டுப் பலகையில் வருகிறதெல்லாம் எருக்குவியலுக்குப் போகிறது.

உங்களால் முடிந்த வேலை ஒன்றும் இருக்கிறது. சித்திரை பிற்பகுதியிலிருந்து ஆனி வரை, வளவில் வெட்டையான ஒரு மூலையில், ஒரு மீற்றர் சதுரத்தில் களிமண்ணைக் கொட்டி, மழை பெய்யாத நாளில் காலமை ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். பற்றைக்குப் பக்கத்தில் வேண்டாம், பூனை பதுங்கும். குஞ்சு ஏதும் கீழே விழுந்தால் பறக்குமென்று ஆகாயத்தில் எறிந்து பார்க்காதீர்கள், பாலும் பருக்காதீர்கள். வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள், ஏணி வைத்துத் திருப்பிக் கூட்டில் விடுவார்.

பெட்டி பூட்டுகிற நாளில் ஏணி பிடிக்க ஆள் குறைவென்றால் எழுதுங்கள். நாங்கள் பக்கத்து ஹம் நகரத்தில்தான், அரை மணித்தியால ஓட்டம். சனிக்கிழமையாகப் பாருங்கள். ஞாயிறில் இங்கே சுவரில் துளை போட ஏலாது.